சாட்சிக்கு மூன்று நிமிடம்

மார்ச் 5, சாம்பல் புதன்

இந்த நோட்டை நான் கேட்டு வாங்கவில்லை. காலை ஆராதனை முடிந்து வெளியே வரும்போது குருவானவர் வாசலில் நின்று ஆளுக்கு ஒன்றாகக் கையில் திணித்தார். நாற்பது பக்கம். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் ஒரே கேள்வி அச்சடித்திருக்கிறது: ‘இன்று நான் எதில் ஆண்டவரைப் பின்பற்றினேன்?’ லெந்துக் காலத்தின் நாற்பது நாளும் முடிந்ததும் நிரப்பித் திருப்பித் தரவேண்டுமாம். நன்றாக நிரப்பியவர்களுக்குப் பரிசும் உண்டாம். சீஷத்துவத்துக்குப் பரிசு கொடுக்கிற சபை எங்கள் சீயோன்விளைச் சபை ஒன்றாகத்தான் இருக்கும்.

கேட்டதற்குப் பதில்: இன்று நான் பின்பற்றியது பள்ளிக்கூட வண்டியை. எல்.கே.ஜி. ரெய்னாவை வீட்டுக்குள் விட்டுவிட்டு வருவதற்குள், எதிரே வந்த டிராக்டருக்கு வழி விடுகிறேன் என்று டிரைவர் கொம்பையா வண்டியைத் தெருமுனை வரை கொண்டுபோய்விட்டார். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினேன். உள்ளே இருந்த பிள்ளைகள் கைதட்டின.

குருவானவர் படிக்கப்போகிறார் என்பதால் விவரமாகவே எழுதுகிறேன். என் பெயர் ஞானப்பூ. வயது நாற்பத்தொன்பது. சபைப் பள்ளிக்கூட வண்டியில் ஆயா. பிள்ளைகளுக்குப் பூ ஆயா. கணவர் இறந்து ஆறு வருஷம். மகள் எப்சி அதே பள்ளிக்கூடத்தில் நான்கு வருஷமாகத் தற்காலிக டீச்சர். எனக்கு வாய் அதிகம் என்று ஊரில் சொல்வார்கள். அதுவும் உண்மைதான்.

மார்ச் 6, வியாழன்

மீன் வாங்கவில்லை. லெந்து நோன்பு என்பதற்காக இல்லை. மீன் நன்றாக இல்லை.

மார்ச் 11, செவ்வாய்

நேற்று சாயங்காலம் உப்போடைப் பாலத்தில் எங்கள் வண்டி ஒரு சைக்கிள்காரரை இடித்துவிட்டது. சூசை என்று பெயர். உப்பளத்தில் வேலை முடிந்து வந்தவர். தொடை எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறார். உயிருக்கு ஆபத்து இல்லை என்கிறார்கள். வண்டியில் மிச்சமிருந்த ஆறு பிள்ளைகளுக்கும் ஒரு சிராய்ப்புகூட இல்லை. ஸ்தோத்திரம்.

புது வண்டி. போன மாதம்தான் ஜெபம் பண்ணி ரிப்பன் வெட்டினார்கள். தவமணி அண்ணாச்சி பள்ளிக்கூடத்துக்குத் தாளாளர், சபைக்குச் செயலாளரும் அவரே. அவருடைய மருமகன் பிரின்ஸ் துபாயிலிருந்து விடுமுறையில் வந்திருக்கிறார். வண்டி எப்படி ஓடுகிறது என்று பார்க்க வேண்டும் என்று நேற்று எங்களோடு ஏறினார். முன்னால்தான் உட்கார்ந்திருந்தார்.

இடித்த நேரத்தில் நான் ரெய்னா எடுத்த வாந்தியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். குனிந்திருந்தேன். ஒன்றும் பார்க்கவில்லை. போலீஸ்காரர் கேட்டபோதும் இதையே சொன்னேன். ஏழு மணிக்குக் கொம்பையா தானே ஸ்டேஷனுக்குப் போய், நான்தான் ஓட்டினேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். இன்று ஜாமீனில் வந்துவிட்டார்.

வாந்தி துடைத்த துணியை மூன்று தடவை அலசியும் நாற்றம் போகவில்லை. தூக்கி எறிந்துவிட்டேன். இன்றைக்கு எதில் பின்பற்றினேன் என்று இந்த நோட்டு என்னைக் கேட்க வேண்டாம்.

மார்ச் 13, வியாழன்

அண்ணாச்சி வீட்டுக்கு வந்தார். இருபது வருஷத்தில் எங்கள் வீட்டுக்கு அவர் வந்தது இது இரண்டாவது முறை. முதல் முறை என் கணவரின் அடக்கத்துக்கு. கையில் துபாய்ப் பேரீச்சம்பழம் ஒரு பெட்டி.

“பூவு, நீ பிள்ளையளல்லா பாத்துக்கிட்டு இருந்த. ரோட்டப் பாக்க ஒனக்கு எங்க நேரம்?”

“ஆமா அண்ணாச்சி.”

“அதையே சொல்லு. யார் கேட்டாலும் அதையே சொல்லு.” பிறகு எப்சியைப் பார்த்து, “ஜூன்ல ஒனக்கு நிரந்தர ஆர்டர் வந்துரும்ட்டி. ஜெபத்துல வச்சுக்கோ,” என்றார்.

பிரின்சுக்கு ஏப்ரல் ஒன்பதாம் தேதி விமானம் என்பதையும் போகிறபோக்கில் சொன்னார். அதை ஏன் என்னிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

எப்சி நான்கு பழம் தின்றாள். நான் சர்க்கரை இருக்கிறது என்று சொல்லித் தின்னவில்லை. எனக்குச் சர்க்கரை இல்லை.

மார்ச் 17, திங்கள்

பெற்றோர் கூட்டம். பிள்ளைகளை இனி எந்த நம்பிக்கையில் வண்டியில் ஏற்றுவது என்று ஆளாளுக்குச் சத்தம் போட்டார்கள். அண்ணாச்சி எழுந்து, டிரைவர் குடித்திருந்தான், அவனை நிறுத்தியாகிவிட்டது, புது டிரைவர் நாளை வருகிறார் என்றார். கூட்டம் அடங்கிவிட்டது.

நான் வாசலில் பிள்ளைகளின் செருப்பை ஜோடி சேர்த்துக்கொண்டிருந்தேன்.

கொம்பையாவோடு ஒன்பது வருஷம் வண்டியில் போயிருக்கிறேன். டீ குடித்தால்கூட வாயைக் கொப்பளித்துவிட்டுத்தான் ஏறுவார். அந்த மனிதரின் லைசென்ஸ் போலீசில் இருக்கிறது. அது திரும்பி வந்தாலும், பள்ளிக்கூடப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு குடித்துவிட்டு ஓட்டியவன் என்று பெயர் வாங்கியவனுக்கு இந்தச் சுற்றுவட்டாரத்தில் யார் சாவியைக் கொடுப்பார்கள்? அவருக்கு ஓட்டுவதைத் தவிர வேறு வேலை தெரியாது. வழக்கும் அவர் தலையில்தான்.

கேஸ் சிலிண்டர் தீர்ந்துவிட்டது. விறகில் சமைத்தேன். கண் எரிந்தது.

மார்ச் 20, வியாழன்

கொம்பையாவின் மனைவி பேச்சித்தாய் வந்தாள். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. படியில் நின்றே கேட்டாள்.

“யக்கா, நீங்களும் வண்டில இருந்திய. எங்க வீட்ல அவிய அன்னைக்குக் குடிச்சிருந்தாவளா?”

“எனக்கு எப்படித் தெரியும் பேச்சி? நான் பின்னால இருந்தேன்.”

“வாடை அடிச்சுதா?”

“பிள்ள வாந்தி எடுத்துட்டு. அந்த வாடதான்.”

“சரிக்கா.” இரண்டு படி இறங்கித் திரும்பினாள். “நீங்க வேதக்காரவுக. இருந்தா இருந்துதுன்னு சொல்லுவிய, இல்லன்னா இல்லன்னு சொல்லுவியன்னு நெனச்சுதான் வந்தேன்.”

போய்விட்டாள். வேதக்காரர் என்றால் என்ன, உள்ளே இருப்பதெல்லாம் வெளியே தெரிகிற மாதிரிக் கண்ணாடியில் செய்தவர்களா? எங்களுக்கும் வயிறு இருக்கிறது, மகள் இருக்கிறாள். யார் வந்து கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கொண்டே இருக்க முடியாது.

மார்ச் 23, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் குருவானவர் கூப்பிட்டார். நல்ல மனிதர். சின்ன வயது. அண்ணாச்சி சொன்னால்தான் அவர் முன்னால் உட்காருவார்.

“அம்மா, ஏப்ரல் ஆறாம் தேதி பிள்ளைகளுக்காக ஸ்தோத்திர ஆராதனை வைக்கிறோம். அந்த விபத்துல ஆண்டவர் பிள்ளைகளை எப்படிக் காப்பாத்தினார்னு நீங்க ஒரு சாட்சி சொல்லணும்.”

“நான் குனிஞ்சிருந்தேன் ஐயா. ஒண்ணும் பாக்கல.”

“அதுதான் சாட்சி. நீங்க பார்க்காம இருந்தப்பவும் அவர் பார்த்துக்கிட்டு இருந்தார். மூணு நிமிஷம் போதும்.”

இதைச் சொல்லும்போது அவர் சிரித்தார். நான் சரி என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

கோர்ட்டில் சாட்சி என்றால் கண்ணால் பார்த்ததைச் சொல்ல வேண்டும். கோயிலில் சாட்சி என்றால் பார்க்காததையும் சொல்லலாம் போலிருக்கிறது. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தவன் யார் என்று தெரிந்தால் நேரில் போய்ச் சண்டை பிடிப்பேன்.

மார்ச் 25, செவ்வாய்

சாட்சி சொல்ல முடியாது என்று நாளைக்கே குருவானவரிடம் போய்ச் சொல்லப்போகிறேன்.

மார்ச் 26, புதன்

போகவில்லை. எப்சிக்குப் பல்வலி.

மார்ச் 29, சனி

சந்தையில் கொம்பையாவைப் பார்த்தேன். லாரியிலிருந்து வெங்காய மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். ஐம்பத்திரண்டு வயது. மூட்டையை முதுகில் ஏற்றத் தெரியவில்லை, கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் கத்தரிக்காய்க்காரி பின்னால் ஒதுங்குவதற்குள் பார்த்துவிட்டார். மூட்டையைப் போட்டுவிட்டு வந்தார்.

“பேச்சி ஒங்ககிட்ட வந்து கேட்டாளாம். மனசுல வச்சுக்கிடாதிய. பாக்காதத எப்படிச் சொல்லுவிய?”

நான் பார்த்தேன் என்பது அவருக்குத் தெரியும். அன்று வண்டியில் எங்கள் இருவருக்கும் நடுவில் இரண்டே இரண்டு சீட். என்னைத் தப்பிக்க விடுகிறாராம். அவருக்கு யார் அந்த அதிகாரத்தைக் கொடுத்தது? திட்டியிருந்தால் நானும் திட்டிவிட்டு வந்திருப்பேன், ராத்திரி தூங்கியிருப்பேன்.

கத்தரிக்காய் வாங்காமல் வந்துவிட்டேன்.

ஏப்ரல் 3, வியாழன்

இனி இந்த நோட்டை யார் படித்தாலும் எனக்கு ஒன்றுமில்லை.

காலையில் வண்டி கிளம்புவதற்கு முன்னால் தினமும் ஒரு பிள்ளை ஜெபம் பண்ண வேண்டும். நான் வைத்த வழக்கம். முதலில் ஸ்தோத்திரம், அடுத்தது மன்னிப்பு, கடைசியில் வேண்டுதல் என்று வரிசையும் நான் சொல்லிக்கொடுத்ததுதான். மன்னிப்புக்கு வரும்போது, பென்சிலை எடுத்துவிட்டேன், தம்பியைக் கிள்ளிவிட்டேன் என்று ஏதாவது சொல்வார்கள். இன்று ரெய்னாவின் முறை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

“யேசப்பா, நேத்து தோசை தந்ததுக்கு ஸ்தோத்திரம். நான் பொய் சொல்லிட்டேன். அந்த துபாய் மாமா வண்டி ஓட்டல. என்னய மன்னிச்சிருங்க. எங்க அப்பாவுக்குக் காச்சல் சரியாகணும். ஆமென்.”

புது டிரைவர் ஆமென் சொன்னார். பிள்ளைகளும் சொன்னார்கள். நான் சொல்லவில்லை.

நடந்ததை எழுதுகிறேன். மார்ச் பத்தாம் தேதி டீக்கடை முக்கில் பிரின்ஸ், “எறங்கும் ஓய், பாலம் வர நான் ஓட்டிப் பாக்கேன்,” என்றார். கொம்பையா, “பிள்ளைய இருக்கு சார்,” என்றார். இரண்டு தடவை சொன்னார். முதலாளியின் மருமகனிடம் மூன்றாம் தடவை எந்த டிரைவர் சொல்வார்? இறங்கிச் சுற்றிவந்து பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தார். பிரின்ஸ் ஒரு கையில் ஸ்டியரிங்கையும் மறு கையில் போனையும் பிடித்துத் தன்னையே வீடியோ எடுத்துக்கொண்டு ஓட்டினார். நான் பார்த்தேன். சைக்கிள் வருவதைப் பார்த்தேன். கொம்பையா ஸ்டியரிங்கைப் பிடிக்கக் கையை நீட்டியதையும் பார்த்தேன். ரெய்னா வாந்தி எடுத்தது இடித்த அதிர்ச்சியில். இடித்ததற்குப் பிறகு. அதற்கு முன்னால் துடைப்பதற்கு ஒன்றுமே இல்லை.

பத்து நிமிஷத்தில் அண்ணாச்சி காரில் வந்தார். மருமகனைக் காரில் ஏற்றினார். கொம்பையாவின் தோளில் கை போட்டு, “நீ ஏத்துக்கோ. ரெண்டே நாளு. ஒன் வேலைக்கு நான் பொறுப்பு,” என்றார். என் காது கேட்க.

மறுநாள் காலையில் பள்ளிக்கூட வாசலில் ரெய்னா மற்றப் பிள்ளைகளிடம், துபாய் மாமாதான் ஓட்டினாங்க, டமார்னு இடிச்சாங்க என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் தாடையைப் பிடித்துத் திருப்பி நான் சொன்னேன்: “பொய் சொல்லக் கூடாது. பொய் சொன்னா யேசப்பாவுக்குப் பிடிக்காது.”

நான்கு வயதுப் பிள்ளை. வண்டியிலேயே உண்மையைச் சொன்ன ஒரே ஆள். அந்தப் பிள்ளை இருபத்துமூன்று நாளாக அதைப் பாவம் என்று நினைத்து வைத்திருந்து, தன் முறை வந்ததும் மன்னிப்புக் கேட்கிறது.

என் மேல் எனக்கு வருகிற கோபத்தை எழுத இந்த நோட்டில் இடம் இல்லை. ஆண்டவரிடம் நேராகவே சொல்லிவிட்டேன்: என் பின்னால் ஆளை அனுப்புவதென்றால் பெரிய ஆளாக அனுப்பும். பிள்ளையை அனுப்பாதேயும்.

ஏப்ரல் 4, வெள்ளி

எப்சியிடம் சொன்னேன். இட்லித் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள்.

“ஜூன்ல ஆர்டர் வரப்போகுதும்மா. ரெண்டு மாசம் ஒன் வாய மூடிக்கிட்டு இருக்க முடியாதா?”

“பிரின்சு ஒம்பதாந்தேதி போயிருவாம்ட்டி.”

“போட்டும். கொம்பையா மாமாவே ஏத்துக்கிட்டாவ. ஒனக்கு என்ன வந்துச்சு?”

எனக்கு என்ன வந்தது என்று ரெய்னா கதையைச் சொன்னேன். எப்சி அழுதாள். அழுதுகொண்டே, “நாலு வருஷம்மா,” என்றாள். அவள் சொல்வதும் நியாயம்தான். ஆனாலும் நான் பின்வாங்கப்போவதில்லை. அதையும் அவளிடம் சொன்னேன். கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஏப்ரல் 5, சனி

குருவானவரிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். பிரசங்கத்துக்குக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை மூடிவிட்டார்.

“இது ஆலயத்துல பேசற விஷயம் இல்லம்மா. அண்ணாச்சியை வரச் சொல்லி, நாம மூணு பேரும் உட்கார்ந்து பேசுவோம். ஈஸ்டர் முடியட்டும்.”

“ஈஸ்டர் இருவதாந்தேதி ஐயா. விமானம் ஒம்பதாந்தேதி.”

“சபையோட சமாதானம்னு ஒண்ணு இருக்கில்லையா?”

“அந்தச் சமாதானத்தக் கொம்பையா முதுகுல மூட்டையாட்டு ஏத்தியிருக்கு ஐயா. அவரு நம்ம சபகூட இல்ல. நீங்கதான சாட்சி சொல்லச் சொன்னிய? இல்லன்னா வேற ஆளப் பாத்துக்கிடுங்க. நான் நேரா ஸ்டேஷனுக்குப் போறேன்.”

கையால் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், “நிகழ்ச்சி நிரல்ல உங்க பேர் அச்சாகிருச்சு. நான் அதை மாத்தலை,” என்றார். அவரால் முடிந்தது அவ்வளவுதான் போலும். அவ்வளவாவது முடிந்தது.

ஏப்ரல் 6, ஞாயிறு

வெள்ளைச் சேலை கட்டினேன். எப்சி எனக்கு முன்னாலேயே கோயிலுக்குப் போய்விட்டாள்.

இரண்டாம் பாட்டு முடிந்ததும் என் பெயரைக் கூப்பிட்டார்கள். அண்ணாச்சி குடும்பத்தோடு முதல் வரிசையில் இருந்தார். என்னைப் பார்த்துத் தலையசைத்தார். பிரின்ஸ் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

“சபையாருக்கு ஸ்தோத்திரம். ஆறு பிள்ளைகளையும் ஆண்டவர் காப்பாத்தினார். அது உண்மை. மிச்ச உண்மையையும் சொல்லுதேன். அன்னைக்கு வண்டிய ஓட்டுனது கொம்பையா இல்ல. அவரு குடிச்சிருக்கவும் இல்ல. ஓட்டுனது பிரின்சு.”

அதற்குள் மைக் செத்துவிட்டது. யார் அணைத்தார்கள் என்று தெரியவில்லை, தெரிந்துகொள்ளவும் வேண்டாம். ஒன்பது வருஷமாக நாற்பது பிள்ளைகள் கூச்சலுக்கு மேலே கத்திப் பேசுகிறவளுக்கு மைக் எதற்கு? கீழே வைத்துவிட்டேன்.

“நான் குனிஞ்சிருக்கல. கண்ணால பாத்தேன். போலீஸ்காரர்ட்ட பாக்கலன்னு பொய் சொன்னேன். கொம்பையா பெண்டாட்டி படியில நின்னு கேட்டா, அவகிட்டயும் சொன்னேன். ஒரு பிள்ள உண்மையச் சொல்லுச்சு, அதப் பொய்யின்னு சொன்னேன்.”

அண்ணாச்சி எழுந்துவிட்டார். “ஏ பூவு, எறங்கு. இது கோயிலு.”

“அதான் அண்ணாச்சி சொல்லுதேன்.”

ரெய்னா அவள் அம்மா மடியில் நான்காவது வரிசையில் இருந்தாள். அவளைப் பார்த்துச் சொன்னேன்: “ரெய்னா, நீ பொய் சொல்லலம்மா. நீ சொன்னதுதான் சரி. பூ ஆயாதான் பொய் சொன்னேன். நீ மன்னிப்புக் கேக்க வேண்டாம். நான் ஒன்கிட்ட கேக்கேன்.”

அவள் அம்மாவின் சேலைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டாள். எல்லாரும் திரும்பிப் பார்த்தால் எந்தப் பிள்ளைக்கும் வெட்கம்தான்.

இறங்கி வந்தேன். யாரும் அல்லேலூயா சொல்லவில்லை. குருவானவர் அடுத்த பாட்டின் எண்ணைச் சொன்னார். கொஞ்ச நேரம் யாரும் புத்தகத்தைத் திறக்கவில்லை. என் வழக்கமான பெஞ்சில் உட்கார்ந்தேன், பக்கத்தில் இருந்த இரண்டு பேர் எழுந்து வேறு பெஞ்சுக்குப் போனார்கள். தாராளமாக உட்கார இடம் கிடைத்தது.

மத்தியானம் கொம்பையா வீட்டுக்குப் போனேன். செய்தி எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. பேச்சித்தாய் வாசலை மறித்து நின்றாள்.

“இருவத்தேழு நாளுக்கா,” என்றாள்.

ஆமாம் என்றேன். உள்ளே வா என்று கூப்பிடவில்லை. கூப்பிட வேண்டும் என்று நானும் எதிர்பார்த்துப் போகவில்லை.

சாயங்காலம் பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்து, நாளை முதல் நான் வண்டிக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். எப்சியைப் பற்றி இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்வார்கள்.

ஏப்ரல் 7, திங்கள்

எப்சிதான் ஸ்கூட்டியில் ஸ்டேஷனுக்குக் கொண்டுவிட்டாள். இறங்கும்போது, “நான் இங்கதான் நிப்பேன்,” என்றாள்.

ஏட்டையா பழைய தாளைத் தேடி எடுத்தார். நான் மார்ச் பத்தாம் தேதி சொன்னது அதில் இருந்தது. இப்போது சொல்வதையும் முழுக்கக் கேட்டார். டீக்கடை, போன், வீடியோ, அண்ணாச்சியின் கார் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். கடைசியில் பேனாவைக் காதில் செருகிக்கொண்டு யோசித்தார்.

“மொதல்ல பாக்கலன்னு சொல்லியிருக்கிய. இப்பப் பாத்தேங்கிய. இதுக்கு என்ன எழுத?”

“பொய் சொன்னேன்னு எழுதுங்க.”

“அப்படி எழுதினா கோர்ட்டுல எதிர் வக்கீல் ஒங்களத்தான் பிடிப்பான். பதட்டத்துல சரியாச் சொல்ல முடியலன்னு போட்டுருவோம். ஒங்க நல்லதுக்குத்தான் சொல்லுதேன்.”

“பதட்டம் இல்ல ஐயா, பயம். பயத்துல பொய் சொன்னேன். ரெண்டையும் எழுதுங்க.”

என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு எழுதினார். எழுதி முடித்து முழுவதையும் வாசித்துக் காட்டினார். தாளை வாங்கி, ‘பொய்’ என்ற சொல் அதில் இருக்கிறதா என்று நானே தேடிப் பார்த்தேன். இருந்தது. அதற்குக் கீழே என் பெயரை முழுசாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.